உளிப்பெட்டி சொல்லும் வரலாறு

நான் நம் சங்க மலருக்கு எழுதினால் அது கல்வெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் ஏட்டுச்சுவடியாக இருக்கும் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இந்த ஆண்டு கட்டுரை கேட்டு வந்த தம்பி, "ஐயா, இந்தத் தடவை நம்ம பிள்ளைங்களுக்கும் புரியற மாதிரி, வீட்டுல நடக்கற விஷயமா ஏதாவது எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தேன். என் வீட்டு பால்கனியில் எட்டு வருஷமாக ஒரு விஷயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்கின்றன. என்ன செய்வது, பழக்க தோஷம்.

நான் மும்பைக்கு வந்தது 1981இல். வந்த நாளிலிருந்து இரும்புச் சாமான் வியாபாரம். ஆணி, கீல், தாழ்ப்பாள், ரம்பம், உளி என்று விற்றே காலம் ஓடிவிட்டது. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். நாங்கள் நயினார் குடும்பம், பரம்பரையாக விவசாயம். 2017இல் ஊரில் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரண்மேல் இருந்த ஒரு மரப்பெட்டி யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று அண்ணன் கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்ண்ணா, எனக்குக் கொடுத்துடுங்க" என்றேன். பாகப்பிரிவினையில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

பெட்டியில் இருந்தவை: உளிகள் ஏழு, இழைப்புளி ஒன்று, வாய்ச்சி ஒன்று, கொட்டாப்புளி ஒன்று, கயிறு இற்றுப்போன வில்லோடு ஒரு துரப்பணம், கைரம்பம், மூலைமட்டம், அரம் இரண்டு, ஒரு சாணைக்கல், ஒரு முழக்கோல். எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி, ஓர் ஏட்டுக்கட்டு.

விவசாயி வீட்டில் உளி எதற்கு?

என் தாத்தா தச்சர் அல்லர். ஐந்து ஏக்கர் நிலம் வைத்திருந்த விவசாயி. ஊர் ஆசாரியின் பட்டறையில் இளவயதில் உட்கார்ந்து உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டார் என்று அப்பா சொல்வார். அந்த ஆசாரிக்கு வாரிசு இல்லை. கடைசிக் காலத்தில் தம் பெட்டியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டார். ஆக, இந்தக் கருவிகள் எங்கள் குடும்பத்துக்கு வந்தது ரத்த உறவில் அல்ல. ஒரு தொழிலாளி மனமுவந்து கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

தாத்தா அந்தக் கருவிகளை வைத்துச் செய்த வேலை பெரும்பாலும் ஒன்றே: ஏட்டுச்சுவடிக்குப் பலகை. பனையோலை ஏட்டைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எழுதிய ஓலைகளை அடுக்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெல்லிய மரப்பலகைகள் வைப்பார்கள். ஓலைகளிலும் பலகைகளிலும் இரண்டு துளைகள் நேருக்கு நேர் இருக்கும். ஒன்றில் கயிறு போகும். மற்றொன்றில் கள்ளாணி என்ற குச்சி நிற்கும். பலகை இல்லாத ஏடு சுருண்டுவிடும், ஓரம் ஒடியும். கூரை இல்லாத வீடு போலத்தான்.

சமண மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். நூலைப் பிரதி எடுத்துக் கொடுப்பது சாஸ்திர தானம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. அந்த ஆயிரத்துக்கும் பலகை அறுத்தவர்கள் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. ராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் சமண பண்டாரத்தில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவடிப் பலகைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் தீட்டிய ஓவியங்கள் சமண ஓவியங்களிலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. ஓலையை விட நீண்ட ஆயுள் பலகைக்குக் கிடைத்திருக்கிறது.

பெட்டியின் அடியில் இருந்த கட்டு ஸ்ரீபுராணத்தின் ஒரு பகுதி. அதற்கு மேல்பலகை மட்டும் இருந்தது. கீழ்ப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. கீழிருந்த ஓலைகள் வளையத் தொடங்கியிருந்தன. அந்த ஒரு பலகையைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் நான் பட்டறை வைத்ததற்குக் காரணம். வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

தச்சன் என்ற சொல்

நம் ஊரில் தச்சு என்றால் இன்று மரவேலை. முற்காலத்தில் அந்தச் சொல்லின் எல்லை பெரிது. எங்கள் ஊர்ப்பக்கத்து மாமண்டூர்க் குகையில் உள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டில் தச்சன் வருகிறார். அங்கே அவர் செய்தது கல்வேலை. மரத்தச்சர், கல்தச்சர் என்று இரண்டு கிளைக்கும் அடிமரம் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தலைமைச் சிற்பியைக் கல்வெட்டு "குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்" என்றே பெயர் சொல்கிறது.

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளின் அருகே கொடை கொடுத்தவர்கள் பெயர்கள் உள்ளன. உப்பு வணிகன், அறுவை வணிகன் எனப்படும் துணி வியாபாரி, பொற்கொல்லன், இவர்களோடு கொழு வணிகன். கொழு என்றால் கலப்பையின் இரும்பு முனை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓர் இரும்புச் சாமான் வியாபாரி! கல்லாவில் உட்கார்ந்து இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மும்பைவாசிகளான நாம் இதற்கெல்லாம் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. லோணாவளாவுக்குப் பக்கத்தில் கார்லே குகை இருக்கிறது. ஏகவீரா தேவி கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தச் சைத்தியம் அது. அண்ணாந்து பாருங்கள். கல் கூரையின் அடியில் மரவளைவுகள் வரிசையாக இருக்கும். கூரையைத் தாங்க அவை தேவையில்லை, மலையே தாங்கிக்கொள்ளும். அதற்கு முன்பு மரத்தில் கட்டிய கூடங்களின் நினைவாக வைத்தவை. ஏறக்குறைய இரண்டாயிரம் மழைக்காலம் பார்த்த மரம். அதே குகையில், தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த சாமி என்னும் தச்சர் வாயிலைச் செய்ததாகக் கல்வெட்டும் உண்டு. அவர் தந்தை பெயரும் அதில் இருக்கிறது. அங்கே தச்சருக்கு உள்ள சொல் "வடகி". இன்றைய இந்தியின் "படயீ" அதிலிருந்து வந்ததே. மராத்தியில் "சுதார்" என்கிறோமே, அது சூத்ரதாரர், அதாவது நூல் பிடிப்பவர். மரத்தில் நூல் பிடித்துக் கோடு போடுகிறவர்.

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குகைக்கோயிலைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாகப் பெருமையோடு பொறித்து வைத்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதை வேறு மாதிரியும் படிக்கலாம். அதுவரை கோயில் என்றால் மரமும் செங்கல்லும்தான் என்பதற்கு அரசனே கொடுத்த சாட்சி அது. மாமல்லபுரத்து ரதங்களில் கூரை விளிம்பைப் பாருங்கள், உத்தரமும் வாரையும் கல்லில் இருக்கும். கல் வேலைக்காரர் மர வேலைக்காரரிடம் படித்த பாடம் அது.

இவ்வளவு பெருமை இருந்தும் அந்த மக்களை ஊர் எப்படி வைத்திருந்தது? கொங்கு நாட்டில் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கம்மாளர்களுக்கு அரசன் அளித்த உரிமைகளைச் சொல்கிறது. நல்லது கெட்டதற்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுத்தவர் தம் வீட்டுக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. தாத்தாவுக்குப் பெட்டியைக் கொடுத்த ஆசாரியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கல்வெட்டும் என் நினைவுக்கு வருகிறது.

உளிக்குள் இருக்கும் ஊர்

ஏழு உளிகளில் ஐந்து நம் ஊர்க் கொல்லர் அடித்தவை. இரண்டில் மட்டும் ஷெஃபீல்டு என்று ஆங்கிலத்தில் முத்திரை. இங்கிலாந்து உருக்கு என்று பெருமையாகத் துடைத்து வைத்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்தச் சீமை உளிக்கும் நம்மூருக்கும் சம்பந்தம் உண்டு என்பது.

தமிழில் உருக்கு என்கிறோம். தென்னாட்டில் மூசையில், அதாவது மண்குகையில் வைத்து இரும்பை உருக்கி எடுத்த உயர்ந்த எஃகு அது. ஈரோடு பக்கம் கொடுமணலில் உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் வாயில் அது "ஊட்ஸ்" ஆயிற்று. 1794இல் நம் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அதன் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். 1820 வாக்கில் மின்சாரத்துக்குப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவரும் சேர்ந்து அதுபோல் செய்து பார்க்க முயன்றார்கள்.

அடுத்த கண்ணி தென்னார்க்காட்டில் இருக்கிறது. 1830களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை நடத்தினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. ஆலை நிலைக்கவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டில் அந்த முறை பரவி, நல்ல உருக்கின் விலை இறங்கியது. காப்புரிமை வழக்குகளிலேயே அவர் காலம் போனது, லாபம் மற்றவர்களுக்கு. ஆக, எங்கள் ஊருக்கு வந்த ஷெஃபீல்டு உளியின் பின்னால் பரங்கிப்பேட்டையில் நொடித்த ஓர் ஆலையும் அதற்காகக் கரியான காடும் இருக்கின்றன.

பட்டறை வைத்த கதை

எங்கள் பால்கனி எட்டடிக்கு நாலடி. சரியாக ஒரு பிளைவுட் ஷீட் அளவு. அதில் பாதியில் என் துணைவியாரின் துளசியும் துணி காயும் கொடியும். மீதிப் பாதியில்தான் பட்டறை.

மேஜை வேண்டும், அதில் பிடிக்க வைஸ் வேண்டும், இல்லாமல் தச்சு வேலை எப்படி என்று முதலில் மலைத்தேன். நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள். மேஜை சீமையிலிருந்து வந்த பழக்கம். என் முழங்கால் அறுபதைத் தாண்டியது, அதனால் நடுவழி ஒன்று பிடித்தேன். முழங்கால் உயரத்தில் கனமான பெஞ்சு ஒன்று, மேலே ஒரு தடுப்புக் கட்டை. பெஞ்சில் குறுக்காக உட்கார்ந்து இழைத்தால் உடம்பின் எடையே பிடியாக அமைகிறது. செலவு கொஞ்சம்தான்.

துரு பெரிய எதிரி. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நுண்மையான உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் பூசினேன். மும்பை மழைக்காலத்தில் நாலே நாளில் திரும்பத் துரு பிடிக்கும். பெட்டிக்குள் ஒரு துணியில் சூடக்கட்டி முடிந்து போட்டேன், துரு நன்றாகக் கட்டுப்பட்டது. தாத்தாவின் பெட்டியைத் திறந்தபோது வந்த மங்கலான வாசனை என்ன என்று அப்போதுதான் விளங்கியது.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். உளிகளில் மிக நல்லது அரை அங்குல உளி. தாத்தா கைபட்டுப் பிடி மெழுகாகி இருந்தது. வாய் மட்டும் மழுங்கியிருந்தது. எதிரில் கடையில் மின்சாரச் சாணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிஷ வேலைதானே என்று வைத்தேன். பொறி பறந்தது, நானும் ரசித்துக்கொண்டே அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் உளியின் வாய் நீலமாகிவிட்டது. நீலம் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் மரத்தில் வைத்துத் தட்டினால் வாய் ஈயம் மாதிரி மடங்குகிறது.

கடைக்கு முப்பது வருஷமாக வரும் ரத்னாகிரிப் பக்கத்துச் சுதார் ஒருவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, லோஹா மர் கயா" என்றார். இரும்பு செத்துப்போச்சு. சாணையும் உளியும் விற்றுப் பிழைத்த எனக்கு, உருக்குக்கு உயிர் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. துவைச்சல் கொடுத்த உருக்கு சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரி வாக்கில் நீலம். நீலம் வந்தால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அதை அவர் வெப்பமானி இல்லாமலே அறிவார்.

"எவ்வளவு தூரம் செத்திருக்கோ அவ்வளவையும் கையால தேய்ச்சு எடு. தண்ணி தொட்டுத் தொட்டு. மெஷின் பக்கம் போகாதே" என்றார். தாத்தாவின் சாணைக்கல்லில் தினம் அரைமணி நேரம். சூரியன் சாய்ந்தபின் உண்பதில்லை என்பது எங்கள் வழக்கம். பட்டறைக்கும் அதே விதியை வைத்துக்கொண்டேன், விளக்கு வெளிச்சத்தில் வேலை இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. உளி கால் அங்குலம் குட்டையாயிற்று. தாத்தா ஆயுசு முழுக்கத் தீட்டித் தேய்த்ததை விட நான் ஒரு மாதத்தில் தேய்த்தது அதிகமாக இருக்கும். ஆனால் அந்த மாதத்தில்தான் உளியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பது என் கைக்கு வந்தது. 25 டிகிரி என்று புத்தகம் சொல்கிறது. கை அதை வேறு மாதிரித் தெரிந்துகொள்கிறது. சாய்வு முழுக்கக் கல்லில் படிந்தால் சத்தம் மாறும்.

இடையில் கீழ்வீட்டுக்காரர் தட்டும் சத்தம் பற்றிப் புகார் சொன்னார். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் கொட்டாப்புளி என்று ஒப்பந்தம் ஆயிற்று. அவர் வீட்டு முக்காலிக்கு ஒரு கால் போட்டுக் கொடுத்தபின் அவரே மேலே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

மரம் வெட்டலாமா?

சமணன் மரவேலை செய்யலாமா என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். லேசான கேள்வி இல்லை. மரம் செடி கொடிகளை ஓரறிவு உயிர் என்று கொள்வது நம் நெறி. இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்கள் பதினைந்து என்று ஒரு பட்டியல் உண்டு. மரக்கரி சுட்டு விற்பது அதில் முதலாவது, காட்டை வெட்டி வாழ்வது அதற்கு அடுத்தது. பரங்கிப்பேட்டை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த விதியை வைத்தவர்கள் எதைக் கண்டு வைத்தார்கள் என்று புரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆதிநாதர் மக்களுக்கு ஆறு தொழில் கற்பித்தார் என்பது புராணம்: வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிபம், சிற்பம். கைத்தொழில் எல்லாம் அந்த ஆறாவதில் அடங்கும். இல்லறத்தானுக்கு வீட்டு வேலையிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையும், வேண்டுமென்றே செய்யும் இம்சையும் ஒன்றல்ல என்று ஆசாரியர்கள் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள். குஜராத்தின் பட்டணத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வாடி பார்சுவநாதர் கோயிலின் மர மண்டபம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமணர்கள் மரத்தை எவ்வளவு பக்தியோடு செதுக்கினார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

நான் எனக்கென்று வைத்துக்கொண்ட விதி எளிது. என் பட்டறைக்காக ஒரு மரமும் வெட்டப்படக் கூடாது. மும்பையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பழைய சால்களை இடிக்கும்போது கதவு, சன்னல், உத்தரம் எல்லாம் பழைய மரக்கடைக்கு வருகின்றன. பெரும்பாலும் தேக்கு. நூறு வருஷம் காய்ந்தது, இனி வளையாது, வெடிக்காது. வாங்கியதும் தட்டிப் பார்ப்பேன். பூச்சி அரித்த துளையோ மாவோ இருந்தால் அந்தத் துண்டைத் தொடமாட்டேன், உள்ளே உயிர் இருக்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவியபிறகே ரம்பம் வைப்பேன். தேக்கின் உடம்பிலேயே மணல்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். பரவாயில்லை, சாணைக்கல் இருக்கிறது.

தேக்குக்கும் இந்த ஊருக்கும் உறவு நீண்டது. நம் "தேக்கு"தான் மலையாளக் கரை வழியாகப் போர்ச்சுக்கீசியர் வாயில் "தேகா" ஆகி, ஆங்கிலத்தில் "டீக்" ஆனது. 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லவ்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரின் வம்சம், தலைமுறைகளாக இங்கே கப்பல் கட்டியது. 1817இல் மலபார்த் தேக்கில் அவர்கள் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இப்போதும் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலை! கப்பலுக்காக வெட்டி வெட்டி மலபார்க் காடு மெலிந்தது. 1840களில் கலெக்டர் கானலி காலத்தில் நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார்கள். வெட்டத் தெரிந்தவர்களுக்கு நடவும் வேண்டும் என்று புத்தி வர அவ்வளவு காலம் ஆயிற்று.

ஒரு பலகை

பலகைக்கு வருகிறேன். பழைய கதவின் குறுக்குச் சட்டம் ஒன்றிலிருந்து மரம் எடுத்தேன். தாத்தாவின் மேல்பலகையை டேப் வைத்து அளந்தேன்: 41 செ.மீ. 9 மி.மீ.யும் கொஞ்சமும். அகலம் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. துளைகளும் அப்படியே, எல்லாம் பின்னமும் கொசுறுமாக. முதல் பலகையில் துளை ஒரு நெல்மணி அளவு விலகிவிட்டது. கயிறு கோத்தால் ஓலையை இழுக்கிறது. இரண்டாவதும் அப்படியே. என் பேத்திக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து முழக்கோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள், "தாத்தா, இந்தப் பலகை இந்தக் குச்சியில கரெக்டா பாதி" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். முழக்கோலில் 24 பிரிவுகள். சிற்ப நூல்கள் சொல்லும் கணக்கு இதுவே: எட்டு யவம், அதாவது வாற்கோதுமை மணி, சேர்ந்தால் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் அல்ல. தச்சுமுழம் 33 இஞ்ச், ஆகவே ஒரு தச்சு அங்குலம் சுமார் ஒன்றேகால் இஞ்சும் அதற்கு மேல் அரைக்காலும். பலகையின் நீளம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அகலம் ஓர் அங்குலம். துளைகள் இரண்டு முனையிலிருந்தும் மூன்று மூன்று அங்குலம். ஒரு பின்னமும் இல்லை. என் டேப்பில் கொசுறாகத் தெரிந்ததெல்லாம் அவர் கோலில் முழு எண்கள்.

அளவு என்பது மிகப் பழைய அறிவு. குஜராத்தின் லோதலில் கிடைத்த சிந்துவெளிக் காலத் தந்த அளவுகோலில் கோடுகள் சுமார் 1.7 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. நம் நாடு மெட்ரிக் முறைக்குச் சட்டம் செய்தது 1956இல். என் கடையில் இன்றும் பிளைவுட் நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். ஒவ்வோர் அளவும் ஒரு காலத்தின் மொழி. தாத்தாவின் பலகையை நான் வேற்று மொழியில் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பலகையை முழக்கோல் வைத்துக் குறித்தேன். துரப்பணத்துக்குப் புதுக்கயிறு கட்டி, பேத்தி மேல்கட்டையை அழுத்திப் பிடிக்க, நான் வில்லை இழுத்தேன். குட்டையான அந்த அரை அங்குல உளியால் ஓரம் சீவினேன். இழைத்து, ஆளிவிதை எண்ணெய் தடவி, ஒரு மாதம் காயவிட்டு, 2019 மகாவீர் ஜயந்தி அன்று ஏட்டுக்கு அடியில் வைத்துக் கயிறு கோத்தோம். தாத்தா பலகையின் விளிம்பு நூல் பிடித்தாற்போல் இருக்கும். என்னுடையதில் ஓரிடத்தில் லேசான பள்ளம் உண்டு. துளை மட்டும் சரியாக நேருக்கு நேர் நிற்கிறது. வளைந்த ஓலைகள் இந்த ஆறு ஏழு வருஷத்தில் மெல்ல மெல்லப் படிந்துவிட்டன.

நம் வீடுகள் பலவற்றில் ஊரிலிருந்து வந்த ஏதாவது ஒரு கருவி பரண்மேல் இருக்கும். தராசு, அரிவாள்மனை, தையல் மெஷின், திரிகை எதுவாகவும் இருக்கலாம். எடுத்துத் துடையுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எந்த ஊர் இரும்பு, எந்த அளவில் செய்தது என்று பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாம் டேப்பில் தேடுவதை அவர்கள் குச்சியில் கண்டுபிடிப்பார்கள். முக்கியமாக, அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் வைக்காதீர்கள்.

பெட்டி இனி யாருக்கு என்று அண்ணன் போன மாதம் போனில் கேட்டார். ஆசாரி எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்த மாதிரி, உட்கார்ந்து கற்றுக்கொள்பவருக்கு என்று சொன்னேன். பேத்தி இப்போது துரப்பண வில்லைத் தானே இழுக்கிறாள்.